ஒன்பதா, பத்தா

பெங்களூர்க் கடையில் இரண்டும் ஒரே விலை.
ஒன்பது என்றால் மெல்லிசு. பத்து கொஞ்சம் தடி.
வித்தியாசம்
அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் ஒரு பங்கு.
இதற்கா சார் இவ்வளவு யோசனை என்று
கடைப்பையன் கன்னடத்தில் சிரித்தான்.

யோசிக்கத்தான் வேண்டும் தம்பி.
ஜெகதேவிப் பக்கம் நாங்கள்
மலையையே கம்பியால்தான் அறுக்கிறோம்.
சுண்டுவிரல் மொத்தம், வைர மணி கோத்தது.
தண்ணீர் விட விட
அவித்த முட்டையை நூலால் அறுப்பதுபோல
கல் இரண்டாகும்.

பத்து வாங்கிட்டு வா என்றிருந்தான் சென்னப்பன்.
கிதார் அவனுடையது.
இரண்டு வருஷமாக வாசிப்பது நான்.
ஒன்பதை வாங்கி உள்பாக்கெட்டில் வைத்து
ஓசூர் தாண்டும்வரை ஒரு பொய் தயாரித்தேன்.
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் கண் விழித்தபோது
பொய் மறந்துபோயிருந்தது.

ராத்திரி ஒன்பது மணி, என் அறை.
கீழே கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லாரி
மாம்பழ வாசனையோடு நிற்கிறது.
ஆம்ப்ளிஃபயரில் சொருகவில்லை.
சொருகாத எலெக்ட்ரிக் கிதார் ஈ மாதிரிதான் கத்தும்.
தடித்த தந்திக்கும் ஈ என்று பேர்,
ஒல்லித் தந்திக்கும் ஈ என்றே பேர்.
எவன் வைத்தானோ,
கேட்டுவிட்டுத்தான் வைத்திருக்கிறான்.

பழையவை கறுத்துவிட்டன.
என் வேர்வையில் உப்போடு கல்தூளும் உண்டு,
மூன்று மாதம் தாங்குவதே பெரிது.
ஆறையும் ஒண்ணா உருவாதே,
ஸ்பிரிங் இழுத்துப் பாலம் படுத்துடும்.
ஒண்ணைக் கழட்டு, ஒண்ணைப் பூட்டு.
நான் தந்தியை இழுத்துப் பிடிக்க
அவன் வலது கையால் ஆணியைத் திருகுகிறான்.
இடது கையில் கட்டைவிரலும் அடுத்ததும் மட்டும்.
கிதாரின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள அது போதும்.
வாசிக்கப் போதாது.

ஒல்லி ஈ ஏறும்போது
நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.
குவாரியில் வயர் ஓடுகையில்
எல்லோரும் அப்படித்தான் நிற்போம், இப்போது.
அவன் திருப்பவில்லை.
தந்திக்கு நேர் மேலே குனிந்து
காதைக் கொடுக்கிறான்.
பவுலு, இது அறுந்தா மூஞ்சியில கீறும்.
அவ்வளவுதான்டா.
சொல்லும்போது அவன் இடது கையைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

ஆறும் ஏறின.
ஒவ்வொன்றாய் இழுத்து விட்டு
தளர்ந்ததை மறுபடி ஏற்றி
இன்னொரு தரம் இழுத்து விட்டு.
சத்தத்தில் கண்டுபிடிப்பான் என்று பயந்திருந்தேன்.
கண்டுபிடித்தது பாலத்தில்.
மெல்லிய தந்திக்கு இழுவை கம்மி.
ஸ்பிரிங் ஜெயித்து, பாலம் பின்சாய்ந்து
மரத்தோடு மரமாய் உட்கார்ந்திருந்தது.

ஒன்பதா?
ம்.
விரல் வலிக்குதா?
வலிக்குது.

ஸ்க்ரூடிரைவர் கேட்டான்.
கிதாரைக் குப்புறப் போட்டு
முதுகுத் தகட்டைக் கழற்றி
உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த இரண்டு திருகையும்
அரைச் சுற்று தளர்த்தினான்.
புரட்டிப் பார்த்தான்.
இன்னும் கால் சுற்று.
ஏழு வருஷம் பத்துக்கென்று
அவன் வைத்திருந்த அளவு அது.
பாலம் எழுந்து நின்றது.

நாளை காவேரிப்பட்டணத்தில் ரிசப்ஷன்.
அஸ்லம் டிரம்ஸ் ஏற்ற ஆட்டோ பேசிவிட்டான்.
பெண்வீடு தெலுங்கு, மாப்பிள்ளை தமிழ்,
சமையல்காரர் மட்டும் ஏனோ இந்திப் பாட்டு கேட்பார்.

வெட்டிய நுனிகளைச் சென்னப்பன்
காலில் ஏறும் என்று ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
காலி உறையில் போட்டான்.
பழைய தடி ஈயை மட்டும்
சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
அவனுடைய டிவிஎஸ் எக்ஸெல்லில்
நம்பர் பிளேட்டைக் கட்டியிருப்பது
போன வருஷத்துத் தடி ஈ.
பர்கூர் ரோட்டுக் குழிகளில்
வழி நெடுக உறுமிக்கொண்டே போகும்.

சுதி இறங்கிப்போச்சு என்றான்
படியில் நின்று செருப்பை மாட்டியபடி.
மாத்தணும்.